ஆறு எண்களும் நான்கு விரல்களும்: ஜேம்ஸ் டெய்லரின் இலவச கிட்டார் பாடங்கள்

என் கிட்டார் பெட்டியின் மூடியைத் திறந்தவுடன் கண்ணில் படும்படி ஒரு சிறிய தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். அதில் ஆறு எண்கள் மட்டுமே எழுதியிருக்கின்றன: 12, 10, 8, 4, 6, 3. இந்த எண்களைக் கற்றுக்கொடுத்தவர் அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான ஜேம்ஸ் டெய்லர். அவர் தம் இணையதளத்திலும் யூடியூபிலும் 2011 முதல் இலவசமாக வழங்கிவரும் கிட்டார் பாடங்களைச் சுமார் ஒன்றரை ஆண்டுகளாகப் பின்பற்றி வருகிறேன். இவற்றில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, யாருக்கு இவை பொருந்தும் என்பதை, கிட்டாரை ஓரளவு வாசிக்கத் தெரிந்து அதற்குமேல் நகர முடியாமல் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். நானும் அப்படித்தான் பல ஆண்டுகள் நின்றுகொண்டிருந்தேன்.

டெய்லரைப் பற்றி அதிகம் அறியாதவர்களுக்குச் சில வரிகள். 1948ஆம் ஆண்டு பாஸ்டனில் பிறந்து வட கரோலினா மாநிலத்தில் வளர்ந்தவர். பீட்டில்ஸ் குழுவினர் தொடங்கிய ஆப்பிள் இசைத்தட்டு நிறுவனத்தில் 1968இல் ஒப்பந்தமான முதல் பிரிட்டன் அல்லாத கலைஞர் இவர்தான். 1970இல் வெளிவந்த ‘ஸ்வீட் பேபி ஜேம்ஸ்’ என்ற இசைத்தொகுப்பும், அதில் இடம்பெற்ற ‘ஃபயர் அண்ட் ரெயின்’ பாடலும் அவரை உலகறியச் செய்தன. அந்தப் பாடல் அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் மூன்றாம் இடம் வரை ஏறியது. தம் வாழ்வின் துயரங்களைத் தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, ஒற்றை கிட்டாரோடு பாடிய அந்தத் தலைமுறைப் பாடகர்களில் அவர் முன்வரிசையில் இருப்பவர். அவருடைய குரலைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தக் குரலுக்கு அடியில் ஓடும் கிட்டாரைப் பற்றி, அதை வாசிக்க முயன்று தோற்றவர்களே அதிகம் பேசுவார்கள். கேட்கும்போது மிக எளிதாக ஒலிப்பதும், கையில் எடுத்தால் பிடி கொடுக்காமல் நழுவுவதும் அந்த வாசிப்பின் இயல்பு.

இப்போது பாடங்களுக்கு வருகிறேன். ஒவ்வொன்றும் சில நிமிடங்களே ஓடும் காணொளிகள். டெய்லர் ஓர் இருக்கையில் அமர்ந்து, அவசரமே இல்லாத தாழ்ந்த குரலில், பக்கத்தில் இருக்கும் ஒருவருக்குச் சொல்வதுபோலப் பேசுகிறார். இடது கையின் விரல்களை ஒரு கேமரா நெருக்கத்தில் காட்டுகிறது. வலது கையைக் காட்டுவதற்கு அவர்கள் செய்திருக்கும் ஏற்பாடு நான் வேறெங்கும் காணாதது. கிட்டாரின் வயிற்றுக்குள் ஒரு சிறிய கேமராவைப் பொருத்தி, ஒலித்துளை வழியாக வெளியே பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். அதனால் தந்திகளுக்குப் பின்னாலிருந்து விரல்கள் நம்மை நோக்கி இறங்கி வருவதையும், நகத்தின் எந்த ஓரம் தந்தியைத் தொடுகிறது என்பதையும், தொட்டபின் விரல் எந்தத் திசையில் விலகுகிறது என்பதையும் ஐயமில்லாமல் பார்க்க முடிகிறது. நேரடி வகுப்பில் குருவின் எதிரே அமர்ந்தால்கூட இந்தக் காட்சி கிடைக்காது, ஏனெனில் அவருடைய புறங்கையே விரல்நுனிகளை மறைத்துவிடும். இந்த ஒரு கோணத்துக்காகவே இந்தக் காணொளிகளை ஒருமுறையேனும் பார்க்கச் சொல்லுவேன்.

பாடல்களைச் சொல்லிக்கொடுப்பவர் என்றால் நேராகப் பாடலுக்குள் போய்விடுவார் என்று நினைத்துத்தான் நான் உட்கார்ந்தேன். அவரோ முதலில் சுருதி சேர்ப்பதையும், அடுத்து நகங்களைப் பராமரிப்பதையும் தனித்தனிப் பாடங்களாக எடுத்துக்கொள்கிறார். அந்த இரண்டையும் தாண்டிக் குதித்துவிட்டுப் பாடல்களுக்கு ஓடியவன் நான். மூன்று மாதங்கள் கழித்து, எத்தனை முறை வாசித்தாலும் அவருடைய ஒலி ஏன் வரவில்லை என்ற கேள்வியோடு திரும்பி வந்துதான் அவற்றைப் பொறுமையாகப் பார்த்தேன். ஆகவே சுருதிப் பாடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

நாம் எல்லோரும் கைப்பேசியில் ஒரு ட்யூனர் செயலியைத் திறந்து, முள் நடுவில் நின்று பச்சை விளக்கு எரிந்ததும் சுருதி சேர்ந்துவிட்டது என்று முடிவுசெய்கிறோம். டெய்லர் அப்படி முடிவுசெய்வதில்லை. அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களுக்கு இடைப்பட்ட அரைச்சுர இடைவெளியை நூறு பங்காகப் பிரித்தால் ஒரு பங்குக்கு சென்ட் என்று பெயர். அந்த அளவில், ட்யூனர் சரி என்று காட்டும் இடத்தைவிட ஒவ்வொரு தந்தியையும் அவர் சற்றே இறக்கி வைக்கிறார். தடித்த ஈ தந்தியை 12 சென்ட், ஏ தந்தியை 10, டி தந்தியை 8, ஜி தந்தியை 4, பி தந்தியை 6, மெல்லிய ஈ தந்தியை 3 என்ற கணக்கில் இறக்குகிறார். என் பெட்டியில் ஒட்டியிருக்கும் தாளின் விவரம் இதுதான்.

இதற்கான காரணம் தந்தியின் இயல்பிலேயே இருக்கிறது. கழுத்தின் குறுக்கே கேப்போ என்னும் கவ்வியை மாட்டும்போது, அது தந்திகளைக் கழுத்தில் பதித்திருக்கும் ஃப்ரெட் என்னும் குறுக்குக் கம்பியின்மேல் அழுத்துகிறது. அழுத்தும்போது தந்தி சிறிது இழுபடுகிறது. இழுபட்டால் சுருதி ஏறுகிறது. டெய்லர் பெரும்பாலான பாடல்களுக்குக் கேப்போவைப் பயன்படுத்துகிறவர். மேலும், தடித்த தந்தியைச் சற்றே பலமாக மீட்டினால், அது அகலமாக அதிர்வதால் முதல் கணத்தில் தன் உண்மையான சுருதியைவிட மேலே ஒலித்து, பிறகுதான் இறங்கி நிலைக்கிறது. நம் காதில் அழுத்தமாகப் பதிவது அந்த முதல் கணம் என்பதால், கீழ்த்தந்திகளை அதிகமாகவும் மேல்தந்திகளைக் குறைவாகவும் இறக்குகிறார். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்களும் கீழ் ஸ்தாயியைக் கணக்கைவிடச் சற்றுத் தாழ்த்தியும் மேல் ஸ்தாயியைச் சற்று உயர்த்தியும் வைப்பது வழக்கம். டெய்லரின் எண்களிலும் அந்த ஒழுங்கின் சாயல் தெரிகிறது.

ஆனால் வரிசையைக் கூர்ந்து பார்த்தால் ஓரிடத்தில் அது தடம் மாறுகிறது. 12, 10, 8, 4 என்று குறைந்துகொண்டே வந்தது, பி தந்தியில் 6 என்று ஏறுகிறது. இது ஏன் என்று பல நாட்கள் யோசித்தேன். கர்நாடக இசையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதன் விடை நெருக்கமானது என்று நினைக்கிறேன். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்பூராவில் மந்தர சட்ஜத் தந்தியை, அதாவது கீழ் ‘ச’ தந்தியை மீட்டும்போது, யாரும் வாசிக்காமலேயே அந்தர காந்தாரம் என்னும் ‘க’ சுரம் கசிந்து கேட்கும். அந்தச் சுயம்பு காந்தாரம் சட்ஜத்திலிருந்து ஏறத்தாழ 386 சென்ட் தொலைவில் இருக்கிறது. கிட்டாரின் ஃப்ரெட்டுகளோ ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகங்களாகப் பிரித்து அடிக்கப்பட்டவை. அதில் அதே காந்தாரம் 400 சென்டில் விழுகிறது. பதினான்கு சென்ட் ஏற்றம் என்பது பழகிய காதை உறுத்தும் அளவுதான். பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிக்குக் கார்டு என்று பெயர். ஏ மேஜர் கார்டின் வடிவத்தைப் பிடிக்கும்போது அந்தக் காந்தாரம் விழுவது பி தந்தியில். ஜி மேஜர் வடிவத்திலும் திறந்த பி தந்தி காந்தாரமாகவே ஒலிக்கிறது. அந்தத் தந்தியை மட்டும் கூடுதலாக இறக்கினால் உறுத்தல் குறையும் என்பது வெளிப்படை. இது என் கணிப்பு. ஆனால் ஏ வடிவத்தைப் பிடித்து, பி தந்தியை ட்யூனர் சொன்ன இடத்தில் ஒருமுறையும் 6 சென்ட் இறக்கி ஒருமுறையும் மீட்டிப் பாருங்கள். இரண்டாவது முறை கார்டு தன் இருக்கையில் வசதியாகச் சாய்ந்து உட்கார்வதுபோல் இருக்கும்.

இங்கே என் அனுபவத்தில் நேர்ந்த ஒரு தடங்கலையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இது பலருக்கும் நேரும். இந்த எண்களின்படி சுருதி சேர்த்தும் என் கிட்டார் தொடக்கத்தில் கரகரவென்றே ஒலித்தது. எங்கள் ஊர்க் கடை ஒன்றில் வாங்கிய வாத்தியம் அது. தந்திகள் கழுத்திலிருந்து மிக உயரத்தில் நின்றன. குறிப்பாக, கழுத்தின் தலைப்பகுதியில் தந்திகளைத் தாங்கும் நட் என்னும் சிறு பட்டையின் பள்ளங்கள் போதிய ஆழம் அறுக்கப்படாமல் இருந்தன. அதனால் முதல் ஃப்ரெட்டில் விரலை வைத்தாலே தந்தி அளவுக்குமேல் இழுபட்டு, இருபது சென்ட் வரை ஏறியது. இந்த நிலையில் 12ஐயும் 10ஐயும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வாத்தியம் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்து, பள்ளங்களை ஆழப்படுத்தி, தந்திகளை அடிப்பகுதியில் தாங்கும் சேடில் என்னும் பட்டையையும் தேய்த்துத் தாழ்த்திய பிறகே டெய்லரின் எண்கள் என் கிட்டாரில் பொருள் பெற்றன. அவர் வாசிப்பது மின்னசோட்டாவில் கையால் கிட்டார் செய்யும் ஜேம்ஸ் ஓல்சனின் வாத்தியங்களை. அவற்றில் இந்தக் குறை இருக்க வாய்ப்பில்லை என்பதால், பாடத்தில் இதைப் பற்றிய பேச்சு இடம்பெறாதது இயல்பே. நம் ஊரில் தொடக்கநிலை வாத்தியம் வாங்குகிறவர்கள் பாடத்துக்குள் போகும் முன் இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. அவருடைய எண்கள் அவருடைய வாத்தியத்துக்கும் தந்திகளுக்கும் கைக்கும் ஏற்றவை என்பதையும் நினைவில் வைத்து, அவற்றைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு, தம் காது சொல்கிறபடி ஓரிரு சென்ட் மாற்றிக்கொள்ள வேண்டும். என் கிட்டாரில் ஏ தந்தி 8 சென்டிலேயே அமைந்துவிட்டது.

அடுத்தது நகப் பாடம். பிக் என்னும் மீட்டும் வில்லை இல்லாமல் வெறும் விரல்களால், அதுவும் உலோகத் தந்திகளில் வாசிக்கிறவர்களுக்கு நகம்தான் வாத்தியத்தின் பாதி. உலோகத் தந்தி நகத்தை அரித்துவிடும்; அரித்த நகம் உடையும்; உடைந்தால் அடுத்த மூன்று வாரங்களுக்கு வாசிப்பு போய்விடும். டெய்லர் தம் நகங்களின்மேல் மெல்லிய கண்ணாடியிழைத் துணியை ஒட்டி, பசையால் இறுகச் செய்து, பிறகு அரத்தால் தேய்த்து வடிவம் கொடுப்பதை ஒரு கைவினைஞர் தம் கருவியைத் தீட்டுவதுபோல நிதானமாகக் காட்டுகிறார். ஐந்து பத்தாண்டுகளாகப் பெருங்கூட்டங்களின் முன் வாசித்த ஒருவர், தம் ஒலியின் ரகசியத்தில் பாதி இந்த ஒட்டு வேலையில் இருக்கிறது என்பதை மறைக்காமல் வெளிப்படுத்துவது எனக்கு மிகுந்த மதிப்பை உண்டாக்கியது. 1969இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இரண்டு கைகளையும் இரண்டு கால்களையும் முறித்துக்கொண்டு, பல மாதங்கள் கிட்டாரைத் தொட முடியாமல் இருந்தவர் அவர். கையின் அருமை அவருக்குத் தெரிந்திருப்பதில் வியப்பில்லை.

நகப் பாடத்தை நம் வீட்டில் நடைமுறைப்படுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் சாதத்தை வலது கையால் பிசைந்து உண்கிறவர்கள்; மீட்டும் நகங்களும் அதே கையில்தான். சாம்பாரின் மஞ்சள் நகத்துக்கும் சதைக்கும் இடையில் தங்குகிறது. கழுவிக் கழுவி நகம் ஈரத்தில் ஊறி மென்மையாகிறது. ஒட்டிய துணியின் ஓரம் இரண்டே நாளில் பிரிகிறது. நான் பல முறைகளை முயன்றபின் ஒரு வழிக்கு வந்தேன். நகத்தை விரல்நுனிக்கு மேல் இரண்டு மில்லிமீட்டருக்கு மிகாமல் வைத்துக்கொள்கிறேன். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றுக்கு மட்டும் அழகு நிலையத்தில் செயற்கைப் பூச்சு போட்டுக்கொள்கிறேன். கட்டைவிரலை இயல்பான நகத்தோடு விட்டுவிடுகிறேன். வீட்டில் செருப்புக்கும் பொம்மைக்கும் தடவும் உடனொட்டிப் பசையை நகத்தில் நேரடியாகத் தடவ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நகத்துக்கென்றே விற்கப்படும் பசை கடைகளில் கிடைக்கிறது. வீணை வாசிக்கும் என் அத்தை ஒருவர், மீட்டும் விரலின் நகத்தை வாசிப்புக்கு முந்தைய இரவே தேங்காய் எண்ணெய் தடவி வைத்துவிடுவார். அந்தப் பழக்கத்தை நானும் எடுத்துக்கொண்டேன். நகம் பிளவுபடுவது உண்மையிலேயே குறைந்தது.

இனி விரல்களின் வரிசை. டி மேஜர் கார்டைப் பிடிக்க எல்லாப் புத்தகங்களும் ஒரே முறையைச் சொல்லும்: ஆள்காட்டி விரல் ஜி தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில், மோதிர விரல் பி தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில், நடுவிரல் மெல்லிய ஈ தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில். டெய்லர் இதைத் தலைகீழாகப் பிடிக்கிறார். அவருடைய நடுவிரல் ஜி தந்தியில் இருக்கிறது; ஆள்காட்டி விரல் ஈ தந்திக்குப் போய்விடுகிறது. ஏ மேஜர் கார்டிலும் இதேபோல விரல்கள் இடம் மாறியிருக்கின்றன. முறையாக யாரிடமும் உட்கார்ந்து பயிலாமல், சிறுவயதில் தாமாகவே கண்டுபிடித்த பிடிகள் அவை என்பதால் இப்படி அமைந்துவிட்டன.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய நினைவு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் சேர்ந்த ஒரு வகுப்பில், என் மோதிர விரல் இயல்பாகப் போய் உட்காரும் இடத்தை ஆசிரியர் ஒவ்வொரு முறையும் பிரித்து எடுத்துப் புத்தகத்தில் உள்ள இடத்தில் வைப்பார். தேர்வில் மதிப்பெண் குறையும் என்பது அவர் சொன்ன காரணம். நான்கு மாதங்களில் வகுப்பை விட்டேன். கிட்டார் பரணுக்குப் போனது. தொடக்கநிலையினருக்கு ஓர் ஒழுங்கு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. பெரும்பாலானோர் கைக்குப் புத்தகப் பிடியே எளிது. ஆனால் அந்தப் பிடி எதற்காக அப்படி இருக்கிறது என்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், அதை ஏற்பதா மாற்றுவதா என்று நானே தெரிந்துகொண்டிருப்பேன்.

டெய்லரின் பாடத்தில் அந்தக் காரணம் கண்முன் விளங்குகிறது. ஆள்காட்டி விரல் ஈ தந்தியில் இருப்பதால், அதை மட்டும் தூக்கித் திறந்த தந்தியை ஒலிக்கவிடும்போது நடுவிரலும் மோதிர விரலும் நகராமல் கார்டைத் தாங்கி நிற்கின்றன. சுண்டுவிரல் மூன்றாம் ஃப்ரெட்டில் விழுந்து எழும்போதும் ஆள்காட்டி விரல் பின்னால் காத்திருக்கிறது. அவருடைய பாடல்களில் நாம் கேட்கும் அந்தச் சிறுசிறு அலங்காரங்கள், அதாவது மீட்டிய தந்தியிலேயே இடது விரலைத் தட்டி இன்னொரு சுரத்தை எழுப்பும் ஹாமர்-ஆன்களும், விரலைச் சுண்டி விலக்கிப் பழைய சுரத்துக்குத் திரும்பும் புல்-ஆஃப்களும், இந்தப் பிடியிலிருந்துதான் பிறக்கின்றன. புத்தகப் பிடியில் அவற்றை வாசிக்க முடியாது என்றில்லை. அவை அந்த இடத்தில் தோன்றியிருக்க மாட்டா என்பதுதான் உண்மை. தம் பாடலைத் தாமே எழுதிய ஒருவரிடம் கற்பதன் பயனை நான் உணர்ந்தது இங்கேதான். மற்ற ஆசிரியர்கள் அந்த அலங்காரங்களை எண்களாக எழுதிக் கொடுப்பார்கள். அவர் அவை பிறந்த கையையே காட்டுகிறார்.

பாடல்களில் ‘ஃபயர் அண்ட் ரெயின்’ பாடத்தில்தான் நான் அதிக நாட்கள் செலவிட்டேன். ஒரு தோழியின் மறைவும், தம் சொந்த நோய்நாட்களும் கலந்து டெய்லர் எழுதிய பாடல் அது. மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டி ஏ வடிவத்திலிருந்து தொடங்குகிறார். ஒலிப்பது சி, நம் கணக்கில் ஒரு கட்டைச் சுருதி. ஏ மேஜர், ஈ மைனர் 7, டி மேஜர், மீண்டும் ஏ, பிறகு ஈ, அதன்பின் ஜி மேஜர் 7 என்று கார்டுகள் செல்கின்றன. இந்தப் பட்டியலைக் கொடுத்தால் ஆறு மாதம் பயின்ற எவரும் பத்து நிமிடத்தில் தந்திகளை மொத்தமாக வருடி ஸ்ட்ரம்மிங் செய்துவிடுவார். ஆனால் பாட்டு வராது. ஏ மேஜரின் பிரகாசத்திலிருந்து அடுத்த கணமே ஈ மைனர் 7இன் மங்கலுக்குள் இறங்கும் அந்த அடி, கட்டைவிரல் எந்தத் தந்தியை எவ்வளவு மெல்லத் தொடுகிறது என்பதைப் பொறுத்தே உயிர் பெறுகிறது.

டெய்லர் சிறுவனாக முதலில் கற்றது செல்லோ; பன்னிரண்டு வயதளவில்தான் கிட்டாருக்கு வந்தார். கீழ் ஸ்தாயியில் நடக்கும் செல்லோவின் பழக்கமும், வீட்டில் இருந்த பியானோவின் பழக்கமும் அவர் கிட்டாருக்குள் வந்துவிட்டன. கட்டைவிரலைப் பியானோ வாசிப்பவரின் இடது கையாகவும், மற்ற மூன்று விரல்களை வலது கையாகவும் அவர் பாவித்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். வாத்தியத்துக்குள் வைத்த கேமராவில் இதைப் பார்க்கும்போது சொற்களுக்குத் தேவையே இல்லை. கட்டைவிரல் தடித்த மூன்று தந்திகளில் தனியொரு மெட்டைப் பாடிக்கொண்டே நடக்கிறது. மேலே மூன்று விரல்களும் சில சமயம் ஒன்றாகக் கிள்ளியும், சில சமயம் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்த்தும் அதற்குப் பதில் சொல்கின்றன. எந்த வாய்ப்பாட்டிலும் அடங்காத இந்த மாறுதலைத்தான் நான் இத்தனை ஆண்டுகள் ஒரே சீரான ஃபிங்கர் பிக்கிங் அமைப்பாக நினைத்து வாசித்துவந்திருக்கிறேன்.

நான் கடைப்பிடித்த முறை இது. முதல் பத்து நாட்கள் இடது கையையே பயன்படுத்தாமல், திறந்த தந்திகளில் கட்டைவிரலின் நடையை மட்டும் வாசித்தேன். அடுத்து ஏ மேஜரும் ஈ மைனர் 7உம் மட்டும். வேறு கார்டே கிடையாது. யூடியூபில் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஓர் அடியை இருபது முறை கேட்டு வாசித்தேன். பாடலின் முழுச் சுற்றை நிற்காமல் வாசிக்க எனக்கு ஏழு வாரங்கள் ஆயின. ‘கண்ட்ரி ரோட்’ பாடத்துக்குத் தடித்த ஈ தந்தியை ஒரு முழுச் சுரம் இறக்கி டி ஆக்க வேண்டும்; அந்தத் தந்தி தளர்ந்து அதிர்வதால் சுருதிப் பாடத்தில் கற்றது அங்கே மீண்டும் கைகொடுக்கிறது. மற்றப் பாடல்களை இதே வழியில் அவரவர் விருப்பப்படி தேர்ந்துகொள்ளலாம்.

இந்தப் பாடங்கள் எவருக்குப் பொருந்தா என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கிட்டாரை முதல்முறை கையில் எடுப்பவருக்கு இவை உதவ மாட்டா. கார்டுகளின் பெயர்களும், ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குத் தடையின்றி மாறும் பழக்கமும் இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டே அவர் பேசுகிறார். தாளத்தை எண்ணிக் காட்டுவதோ, பயிற்சிகளைப் படிநிலைகளாக வகுத்துக் கொடுப்பதோ இங்கே இல்லை. பேச்சு ஆங்கிலத்தில்தான், நிதானமான பேச்சு என்பதால் கல்லூரி ஆங்கிலம் போதும், ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் பாதிக்குமேல் புரியும். பாட்டு எழுதக் கற்க விரும்புகிறவர்களும் இங்கே ஏமாறக்கூடும். சந்தா கட்டிப் பார்க்கும் இணையவழி வகுப்புகளில் அலிசியா கீஸ், ஜான் லெஜண்ட் போன்ற பாடகர்கள் பாடல் புனைவதைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தத் தேவை உள்ளவர்கள் அங்கே போகலாம். டெய்லர் சொல் எப்படி வந்தது, மெட்டு எப்படிப் பிறந்தது என்ற பேச்சை அதிகம் எடுப்பதில்லை. விரல்களோடு நின்றுவிடுகிறார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மிகப்பெரிய குறை எந்தக் காணொளிப் பாடத்துக்கும் உரிய குறைதான்: நம் கையை அவர் பார்ப்பதில்லை. நான் ஆறு வாரங்கள் வலது மணிக்கட்டை உள்நோக்கி மடக்கியே வாசித்து, முன்கையில் வலியை வரவழைத்துக்கொண்டேன். ஒரு நண்பர் பார்த்துச் சொன்ன பிறகே அது எனக்குத் தெரிந்தது. அதன்பின் வாரம் ஒருமுறை என் வாசிப்பைக் கைப்பேசியில் படம்பிடித்து, அவருடைய காணொளியையும் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நேரில் ஓர் ஆசிரியர் கிடைத்தால் அவரிடம் இந்தக் காணொளிகளை எடுத்துக்கொண்டு போவது இன்னும் சிறந்தது. நம் ஊர்களில் மேடைகளில் சொந்தப் பாடல்களைப் பாடிக்கொண்டு, மாலை வேளைகளில் நான்கைந்து பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் இளம் பாடகர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் சேரும்போது, திரைப்பாடல்களின் கார்டுகளைக் கேட்பதோடு, அவர்கள் சொந்தமாக எழுதிய ஒரு பாடலைத் தங்கள் விரல்களால் எப்படி வாசிக்கிறார்கள் என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். கட்டணம் எவ்வளவானாலும், அந்த ஒரு மணி நேரத்தில் கிடைப்பது வேறு வகுப்புகளில் கிடைப்பதில்லை.

சுருதிப் பாடத்தைப் பார்க்கும் முன், சென்ட் அளவை எண்ணாகக் காட்டும் ட்யூனர் செயலி ஒன்றைக் கைப்பேசியில் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் பச்சை விளக்கு மட்டும் காட்டுவது இதற்கு உதவாது. தந்திகள் புதியனவாக இருக்கட்டும். துருப்பிடித்த தந்தியில் இந்த எண்கள் நிற்கா. கேப்போவை ஃப்ரெட்டுக்கு மிக அருகில், ஆனால் அதன்மேல் ஏறாமல் மாட்டி, மாட்டிய பின் ஒருமுறை மீண்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். என் பி தந்தி இன்று மாலையும் 2 சென்ட் ஏறித்தான் இருந்தது.